எத்தனை முறை தலைவராகலாம்? சேர்வராயன் மலை ஊராட்சிகளை முன்வைத்து

ஒருவர் எத்தனை காலம் தலைவர் பதவியில் இருக்கலாம் என்ற பேச்சு எழுந்தால் வாஷிங்டன், மாஸ்கோ, கொழும்பு என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். அதே கேள்வி ஏற்காட்டுக்கும் உண்டு. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வரும் இந்த மலையில், ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தின்கீழ் வாழவந்தி, நாகலூர், வெள்ளக்கடை, மாரமங்கலம், செம்மநத்தம், தலைச்சோலை, மஞ்சக்குட்டை என்று 9 ஊராட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒரு தலைவர் உண்டு. ஊரில் அவரைப் பிரசிடெண்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம், ஜெயிக்கலாம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 அவருக்கு வரம்பு எதுவும் விதிக்கவில்லை.

ஆனால் அவருடைய காலத்தை வேறு பல கைகள் அளந்துகொண்டிருக்கின்றன. ஒதுக்கீட்டுச் சுழற்சி அளக்கிறது, நீதிமன்ற வழக்கு அளக்கிறது, தேர்தலைத் தள்ளிப்போடும் அரசாணை அளக்கிறது. அவரைத் தேர்ந்தெடுத்த மக்களின் கைக்கு அந்த அளவுகோல் கடைசியாகத்தான் வந்து சேர்கிறது. பதவி வரம்பு பற்றி நாம் நடத்தும் விவாதத்தில் இந்த உண்மைக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

இந்த மலையில் தலைமை என்பது வெகுகாலம் ஆயுளுக்கும் உரியதாக இருந்தது. சேர்வராயனின் ஆதிக்குடிகளான மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள். கேரளத்தோடு அவர்களுக்குத் தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மூன்று அண்ணன் தம்பிகளின் வழிவந்தோம், மூத்தவர் சேர்வராயனில் தங்க, மற்றவர்கள் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் போனார்கள் என்பது அவர்கள் சொல்லிவரும் கதை. இந்த மலையைப் பல நாடுகளாகப் பிரித்து, நாட்டுக்கொரு பட்டக்காரர், அவருக்குக் கீழே ஊருக்கொரு கவுண்டர் என்று ஒரு நிர்வாகம் இருந்ததை ஆங்கிலேயர் காலத்துப் பதிவுகளும் காட்டுகின்றன. கல்யாணம், சாவு, வழக்கு, திருவிழா எல்லாவற்றுக்கும் அவர்கள் வாக்கு வேண்டும். பட்டம் தகப்பனுக்குப் பின் மகனுக்குப் போகும். ஊர் கூடி ஒருவரை ஒதுக்கிவைக்கலாம் என்ற அச்சம் அவர்களையும் ஓரளவு கட்டிப்போட்டது. ஆனால் எத்தனை ஆண்டு என்ற கேள்விக்கு அங்கே இடமே கிடையாது. அந்தப் பட்டம் பெண்ணுக்கு வந்ததும் இல்லை.

இதைச் சொல்வது பழைய ஏற்பாட்டைப் பழிக்க அன்று. சேர்வராயன் கோயில் திருவிழாவில் இன்றும் பட்டக்காரருக்கு உரிய மரியாதை நடக்கத்தான் வேண்டும். ஆனால் ரோடு, குடிதண்ணீர், தெருவிளக்கு என்று அரசுப் பணம் புழங்கும் இடத்தில் ஆயுள் பட்டம் கூடாது என்று 1992-இல் நிறைவேறிய 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தீர்மானித்தது. ஐந்தாண்டு, அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை என்று 243-ஈ பிரிவு சொல்கிறது. அந்த ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தியாக வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இரண்டாவது பாதியை நாம் எப்படிக் காப்பாற்றினோம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஊராட்சித் தலைவரின் அதிகாரம் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதைவிடப் பெரியது. ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அதனால்தான் தேர்தல் முடிந்த மறுவாரமே துணைத்தலைவர் பதவிக்கு அத்தனை போட்டி. கிராம சபைக்குத் தலைமை தாங்குபவரும் அவரே. மன்ற உறுப்பினர்கள் துணைத்தலைவர் மீதும் ஒன்றியக் குழுத் தலைவர் மீதும் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரலாம்; நேரடியாகத் தேர்வான ஊராட்சித் தலைவரை அப்படி இறக்க முடியாது. அவரை நீக்கும் அதிகாரம் சட்டத்தின் 205-ஆவது பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. விளக்கம் கேட்டு, வட்டாட்சியரை வைத்து மன்றத்தைக் கூட்டி, அதன் கருத்தை அறிந்து ஆட்சியர் முடிவெடுப்பார். ஆக, வாக்களித்தவருக்கு இடையில் எந்தப் பிடியும் இல்லை. ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். கீழிருந்து திருப்பி அழைக்கும் வழி இல்லாத ஒரு பதவிக்கு மேல்வரம்பும் இல்லை என்றால் அது ஆபத்துதான். வரம்பு வேண்டும் என்பவர்களின் வாதத்தில் எனக்கு வலுவாகப் படுவது இந்த இடம்.

நடைமுறையில் வரம்பாக வேலை செய்வது இடஒதுக்கீட்டுச் சுழற்சி. தலைவர் பதவிகள் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் என்று ஒதுக்கப்பட்டு, ஊராட்சிகளுக்கிடையே சுற்றிவர வேண்டும் என்பது அரசியலமைப்பின் கட்டளை. பல மாநிலங்கள் ஒவ்வொரு தேர்தலுக்கும் சுற்றுகின்றன. தமிழ்நாடு இரண்டு தேர்தலுக்கு ஒருமுறை, அதாவது பத்தாண்டுக்கு ஒருமுறை சுற்றும் முறையை வைத்துக்கொண்டது. 1996-இலும் 2001-இலும் ஒரே ஒதுக்கீடு, 2006-இலும் 2011-இலும் ஒரே ஒதுக்கீடு. பெண்களுக்கான பங்கு மூன்றில் ஒன்றாக இருந்து, 2016-இல் பாதியாக உயர்ந்தது.

சுழற்சி தேவையா என்று கேட்பவர்கள் மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளையும் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு என்று ஆனதால் பத்தாண்டுகள் அங்கே தேர்தலை ஒழுங்காக நடக்கவிடவில்லை. நடந்தபோதும் ஜெயித்தவர்கள் உடனே ராஜினாமா செய்ய வைக்கப்பட்டார்கள். 2006-இல்தான் வழி பிறந்தது. மேலவளவில் தலைவராகத் தேர்வான முருகேசன் 1997 ஜூன் 30 அன்று ஐந்து பேரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். ஒதுக்கீடு இல்லாமல் இந்த நாற்காலிகள் ஒருநாளும் கைமாறியிருக்காது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் சுழற்சி ஆளைப் பார்ப்பதில்லை. நல்ல தலைவரும் மோசமான தலைவரும் அதற்கு ஒன்றுதான். முதல் தேர்தலில் தோற்று இரண்டாவது தேர்தலில் ஜெயித்த பெண், ஐந்தே ஆண்டில் பொதுப் பதவியாக மாறிய இடத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும். மோசமான தலைவரோ, பதவி பெண்களுக்கு என்று மாறினால் மனைவியை நிறுத்திவிட்டு, கிராம சபையில் தானே மேடையேறி உட்கார்ந்துவிடுவார். சுழற்சி வரம்பு போடுவது நாற்காலியின் மீது. ஆள் மீது போடுவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். வீட்டுக்குள்ளேயே பதவி சுற்றிவருவதை அது தடுப்பதில்லை.

ஏற்காட்டில் இந்தக் கணக்கு இன்னும் நுட்பமானது. இங்கே பழங்குடியினரே பெரும்பான்மை. தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே: ஏற்காடும் சேந்தமங்கலமும். இங்கே வெளியாரிடமிருந்து பதவியைக் காப்பதோடு, பழங்குடிப் பெண்ணுக்கும் சின்னக் கிராமத்தவருக்கும் பதவி போய்ச் சேர்வதும் பிரச்சினை. ஒரு ஊராட்சிக்குள் ஒன்றுக்கொன்று பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குக்கிராமங்கள் உண்டு. வாக்கு அதிகமுள்ள ஊரின் ஆளே திரும்பத் திரும்பத் தலைவரானால், சரிவின் அந்தப் பக்கம் இருக்கும் இருபது வீட்டுக்குப் பைப்லைன் போகாது.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். பழங்குடிப் பகுதிகளில் கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டம் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டுமே உரியது. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடம் ஒன்றுகூட இல்லை. சேர்வராயன் மலைக்காரர்களுக்கு இருப்பது சமவெளிக்குப் போட்ட அதே ஊராட்சிச் சட்டம்தான்.

ஐந்தாண்டு போதுமா, பத்தாண்டு வேண்டுமா என்பதை மலையில் ஒரு வேலை நடக்கும் விதத்தை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ஒரு குக்கிராமத்துக்குக் காட்டு வழியாக ரோடு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு இதற்கு வழி தருகிறது. பள்ளி, ரேஷன் கடை, குடிநீர்த் தொட்டி, ரோடு போன்றவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வனநிலத்தை எடுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். அந்தச் சபைக்கு உறுப்பினர்களில் பாதிப்பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, மனுவோடு சேர்த்தால், வனச்சரகர் நேரில் பார்த்து அறிக்கை தருவார். பிறகு மாவட்ட வன அலுவலரின் அனுமதி. அதற்குப் பிறகுதான் நிதி, எஸ்டிமேட், டெண்டர். கிராம சபை நாட்களில் நவம்பர் 1-உம் ஜனவரி 26-உம் காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் விழுகின்றன. தோட்டக் கூலியை விட்டுவிட்டு ஆட்கள் வந்து பாதி எண்ணிக்கை நிறைய வேண்டும் என்றால், தலைவர் முந்தைய வாரம் முழுக்க ஊர் ஊராக நடந்திருக்க வேண்டும்.

இப்படி ஒரு கோப்பைத் தொடங்கிய தலைவர் அதன் முடிவைப் பார்க்க ஐந்தாண்டு பெரும்பாலும் போதாது. முதல் இரண்டு ஆண்டு கற்றுக்கொள்வதிலேயே போய்விடுகிறது. பள்ளிப்படிப்பை முடிக்காத, அலுவலகப் படியேறிப் பழக்கமில்லாத ஒருவர் முதன்முறையாகத் தலைவரானால், கிளார்க்கும் கான்ட்ராக்டரும் சொல்வதே அவருக்கு வேதம். எந்த அலுவலகத்தில் எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்று அவர் தெரிந்துகொள்ளும் நேரத்தில் காலம் முடிந்துவிடுகிறது. வரம்பு மிகக் குறுகினால் அதிகாரம் மக்களிடம் திரும்பாது, நிரந்தரமாக இருக்கும் அலுவலர்களிடம் போய்ச் சேரும்.

பத்தாண்டு, அதாவது தொடர்ந்து இரண்டு முறை என்பதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. மேற்கு வங்கத்தில் பெண் தலைவர்கள் உள்ள ஊராட்சிகளில் குடிநீருக்கு அதிக முதலீடு நடந்ததை ராகவேந்திர சட்டோபாத்யாயாவும் எஸ்தர் டுஃப்ளோவும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதே மாநிலத்தைப் பற்றி 2009-இல் வந்த மற்றோர் ஆய்வு இன்னும் முக்கியமானது. அடுத்தடுத்து இரண்டு தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஊராட்சிகளில், ஒதுக்கீடு இல்லாத இடங்களிலும் பெண்கள் அதிகமாக நின்றார்கள், அதிகமாக ஜெயித்தார்கள். மக்களின் மனத்தடை கரையப் பத்தாண்டு தேவைப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டின் பத்தாண்டுச் சுழற்சியை நான் ஆதரிப்பதற்கு இது ஒரு காரணம்.

நாட்டின் உச்சப் பதவியிலும் இந்தக் கேள்வி எழுந்ததுதான். 1948-ஆம் ஆண்டு வரைவு அரசியலமைப்பில் குடியரசுத் தலைவர் மறுபடியும் ஒரே ஒரு முறைதான் தேர்ந்தெடுக்கப்படலாம் என்று இருந்தது. இறுதி வடிவில் அந்த வரம்பு போய்விட்டது. ஆனாலும் 1962 மே வரை பதவியில் இருந்த ராஜேந்திர பிரசாத்துக்குப் பின் எவரும் இரண்டாம் முறை குடியரசுத் தலைவராகவில்லை. தமிழ் மண்ணைச் சேர்ந்த ராதாகிருஷ்ணன், ஆர். வெங்கட்ராமன், அப்துல் கலாம் மூவரும் ஒருமுறையோடு விடைபெற்றவர்கள். மரபு அங்கே சட்டத்தின் வேலையைச் செய்தது. அதிகாரம் குறைவான பதவியில் மரபு தாங்கும். பணமும் கையெழுத்தும் உள்ள பதவியில் தாங்குமா என்பதற்கு அமெரிக்காவே பதில்: வாஷிங்டன் போட்டுவைத்த இருமுறை மரபு 1940-இல் ரூஸ்வெல்ட் மூன்றாம் முறை நின்றபோது முறிந்தது, 1951-இல் அதைச் சட்டமாக்க வேண்டியதாயிற்று.

இலங்கையின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 1978 அரசியலமைப்பு ஜனாதிபதிக்கு இரண்டு முறை என்று வரம்பு வைத்தது. 2010 செப்டம்பரில் 18-ஆவது திருத்தம் 161 வாக்குகளோடு அதை நீக்கியது. மகிந்த ராஜபக்ச மூன்றாம் முறை நின்றார். 2015 ஜனவரியில் தோற்றார். வடக்கிலும் கிழக்கிலும் தமிழர்கள் திரண்டு போட்ட வாக்கு அந்தத் தோல்வியில் பெரும்பங்கு வகித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் 19-ஆவது திருத்தம் இருமுறை வரம்பைத் திரும்பக் கொண்டுவந்து, பதவிக்காலத்தையும் ஆறிலிருந்து ஐந்தாண்டாகக் குறைத்தது. இதைவிட எனக்கு அதிகம் உறுத்துவது 1982 டிசம்பரில் நடந்தது. ஜே.ஆர். ஜெயவர்தனா நாடாளுமன்றத் தேர்தலையே நடத்தாமல், பொதுசன வாக்கெடுப்பு ஒன்றின் மூலம் இருந்த நாடாளுமன்றத்தின் ஆயுளை மேலும் ஆறாண்டு நீட்டினார். வரம்பை நேரடியாக உடைப்பதைவிடத் தேர்தலைத் தள்ளிவைப்பது எளிது. பின்னால் வரும் தமிழ்நாட்டுக் கதைக்கு அது பாடம்.

பிலிப்பைன்ஸில் பரங்காய் எனப்படும் கடைநிலை ஊர் அமைப்பின் தலைவர் தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் இருக்க முடியாது; மேயர்களுக்கும் ஆளுநர்களுக்கும் அப்படியே. ஆனால் கணவர் இறங்க மனைவி, மனைவி இறங்க மகன் என்று குடும்பங்கள் பதவியை மாற்றிக்கொள்வது அங்கே பெருநோயாகிவிட்டது. ஆள் மீது வரம்பு போட்டால் மட்டும் போதாது என்பதற்கு அது சாட்சி.

இனி நம் வீட்டுக் கணக்கு. 1970-இல் நடந்த ஊராட்சித் தேர்தலுக்குப் பின் தமிழ்நாட்டில் அடுத்த தேர்தல் 1986-இல்தான் நடந்தது. 1986-இல் வந்தவர்களின் காலம் 1991-இல் முடிந்தது, அடுத்த தேர்தலுக்கு 1996 ஆயிற்று. 73-ஆவது திருத்தத்துக்குப் பிறகு இந்த நிலை திரும்பாது என்று நம்பினோம். இருபது ஆண்டு ஒழுங்காகத்தான் நடந்தது. 2016 அக்டோபரில், பழங்குடியினருக்கான ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்ற வாதத்தை மையமாகக் கொண்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. குறையைச் சரிசெய்து சில மாதங்களில் முடித்திருக்க வேண்டிய தேர்தல், வார்டு மறுவரையறை, வழக்கு, அவகாசம் என்று இழுத்துக்கொண்டே போனது. சேலம் மாவட்டம் உட்பட 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதியில் வாக்குப்பதிவு நடந்தது 2019 டிசம்பர் 27-இலும் 30-இலும். மூன்று ஆண்டுக்கு மேல் ஊராட்சிகளில் தலைவர் இல்லை. பழங்குடியினர் உரிமைக்காக எழுந்த வாதத்தின் பெயரால் பழங்குடி ஊர்களே தங்கள் பிரதிநிதியை இழந்து நின்றன.

அந்த இடைவெளி இந்த மலைக்கு என்ன செய்தது என்று யோசித்தால் மனம் கனக்கிறது. தமிழ்நாட்டில் வன உரிமைப் பட்டா வழங்கலை முடக்கியிருந்த நீதிமன்றத் தடை நீங்கியது 2016-இல். கிராம சபைகள் விண்ணப்பங்களை எடுத்து ஓட வேண்டிய நேரம் அது. அந்த ஆண்டே தலைவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் இடத்தில் ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலரான பி.டி.ஓ.வே தனி அலுவலராக உட்கார்ந்தார். பி.டி.ஓ. ஒருவர், ஊராட்சி ஒன்பது. நாகலூரில் மோட்டார் எரிந்தாலும் மாரமங்கலத்தில் குழாய் உடைந்தாலும் அதே ஒரு கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லை என்பதால் மத்திய நிதிக்குழு மானியமும் மாநிலம் முழுவதும் நிறுத்திவைக்கப்பட்டது. 2020 ஜனவரி 6 அன்று பதவியேற்றவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்தபோது அடுத்த தேர்தல் தயாராக இல்லை. சட்டத் திருத்தம் கொண்டுவந்து மறுபடியும் தனி அலுவலர்களை உட்காரவைத்தார்கள். இரண்டு தடவையும் ஆட்சியில் இருந்த கட்சி வேறு, நடந்தது ஒன்றே. உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்துவது அரசியலமைப்புக் கடமை என்று கிஷன் சிங் தோமர் வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருந்தும் இப்படி. வரம்பே இல்லாத பதவி தமிழ்நாட்டு ஊராட்சியில் ஒன்று உண்டென்றால் அது தனி அலுவலர் பதவி.

ஆகவே நான் கேட்பது இதுதான்: ஊராட்சித் தலைவருக்குத் தொடர்ந்து இரண்டு முறை என்று ஒரு வரம்பு வேண்டும். இரண்டு முறை இருந்தவர் ஒரு தேர்தல் விலகி நின்று மறுபடியும் வரலாம். பத்தாண்டுச் சுழற்சியை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. போட்டியிடத் தகுதியின்மையைச் சட்டமன்றமே வரையறுக்க 243-எஃப் பிரிவு இடம் தருகிறது. இரண்டு குழந்தைக்கு மேல் பெற்றவர் நிற்கக்கூடாது என்ற ஹரியானா சட்டத்தை 2003-இலும், பள்ளித் தேர்ச்சி பெறாதவர் நிற்கக்கூடாது என்ற அதே மாநிலச் சட்டத்தை 2015-இலும் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அவை இரண்டும் ஏழைகளையும் பெண்களையும் வெளியே தள்ளியவை. அவற்றுக்கு இடமுண்டு என்றால், பத்தாண்டு அதிகாரத்தில் இருந்தவரை ஐந்தாண்டு விலகியிருக்கச் சொல்ல நிச்சயம் இடமுண்டு.

குடும்பத்துக்குள் சுற்றுவதை இந்த வரம்பு தானாகத் தடுக்காது. விலகி நிற்கும் அந்த ஒரு தேர்தலில் மட்டும் வாழ்க்கைத் துணை நிற்கக்கூடாது என்று சட்டம் போடலாமா என்று யோசித்தேன். அது கணவரின் தவறுக்காக ஒரு பெண்ணின் சொந்த உரிமையைப் பறிக்கும் என்பதால் எனக்கு உடன்பாடில்லை. அதைவிட, கிராம சபையிலும் ஒன்றிய அலுவலகத்திலும் தலைவருக்குப் பதிலாக உறவினர் உட்கார்ந்தால் அந்தக் கூட்டமும் கையெழுத்தும் செல்லாது என்று ஆக்குவது நேர்மையான வழி.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது தனி அலுவலருக்கு வரம்பு போடுவது. அரசியலமைப்பு, ஊராட்சி கலைக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் என்று சொல்கிறது. அதே ஆறு மாதம்தான் தனி அலுவலருக்கும் மொத்த ஆயுள், நீட்டிப்புக்கு இடமே இல்லை என்று 1994 சட்டத்தில் எழுத வேண்டும். வார்டு வரையறையும் ஒதுக்கீட்டுப் பட்டியலும் நடப்பு மன்றத்தின் காலம் முடிவதற்கு ஓராண்டு முன்பே மாநிலத் தேர்தல் ஆணையத்தின் கையில் இருக்க வேண்டும். அவற்றின்மேல் வழக்குப் போடுகிறவர்கள் அந்த ஓராண்டுக்குள் போட்டு முடிக்கட்டும். எந்த ஊராட்சி எந்தப் பிரிவுக்கு, எத்தனை தேர்தலுக்கு என்பது வாழவந்தியிலும் தலைச்சோலையிலும் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்தால்தான், நிற்க நினைக்கும் ஒரு பெண் தன் முதல் ஐந்தாண்டையும் இரண்டாம் ஐந்தாண்டையும் சேர்த்துத் திட்டமிட முடியும்.